தண்ணீர் பார்க்காத வலை

ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் யோசிக்கிற கணக்கு வாத்தியாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தேன். வேலை பார்த்தேன் என்பதைவிட மாரடித்தேன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு நடந்து, ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு முந்தின வருஷம் அவர் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆறு மைல் தள்ளி, தாமிரபரணிக் கரையில் எங்கள் போர்டு பள்ளிக்கூடம். நான்கு வகுப்புக்கும் இரண்டே வாத்தியார்கள். ஒன்றும் நான்கும் எனக்கு. இரண்டும் மூன்றும் அவருக்கு. தலைமை வாத்தியார் என்ற பட்டமும் எனக்குத்தான். பட்டத்தோடு கொஞ்சம் தலைக்கனமும் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. எண்சுவடி முழுவதும் எனக்கு மனப்பாடம். முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னக் கணக்கை ஆரம்பித்தால் நடுவில் மூச்சு வாங்காமல் முடிப்பேன். ஊரில் சாவடிப் பக்கம் போனால் நாலு பேர் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நானும் சொல்லாமல் வரமாட்டேன்.

அவர் வந்த முதல் நாள், சும்மா ஆழம் பார்க்கலாம் என்று, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். இடது கண்ணை மூடிக்கொண்டார். வலது கண்ணால் சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு, ஐம்பத்தாறு என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“நமக்கு வாய்ப்பாடு மனசுல நிக்காது அண்ணாச்சி. எத்தனையோ அடி வாங்கியாச்சு. நிக்க மாட்டேங்கு” என்றார், பல்லில் ஒன்று ஆடுகிறது என்று சொல்வதுபோல.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்த ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. எங்கன வாத்தியார். எவர் எதைச் சொன்னாலும் இடது கண்ணை மூடிக்கொண்டு, “எங்கன இருக்கு, காட்டு” என்பார். பிள்ளை பதினைந்து என்று விடை சொன்னால், எங்கன இருக்கு, காட்டு. பிள்ளை புளியமுத்தை அடுக்கிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஈர்க்குச்சியால் மணலில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். காட்டத் தெரியாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் சரியில்லை. காட்டத் தெரிந்துவிட்டால் விடை தப்பாக இருந்தாலும் முதுகில் தட்டிக்கொடுப்பார். இதெல்லாம் எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் அவரோடு நின்றது நினைவிருக்கிறது. அசல் உசத்தியான துணி என்று கடைக்கார அண்ணாச்சி விரித்துப் போட்டார். இவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, உசத்தி எங்கன இருக்கு, காட்டுங்க என்றார். அண்ணாச்சி துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இன்னொரு தடவை அவருக்குச் சம்பந்தம் பேச அவர் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். பெண்ணுக்குப் பொறுமை அதிகம் என்று ஆரம்பித்தார். இவர் அதையும் காட்டச் சொன்னார். பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் நடையைக் கட்டினார். பிறகு அந்தப் பெண்ணையே இவர் கட்டிக்கொண்டார். பொறுமை இருந்ததா என்று நான் கேட்கவில்லை. இருந்திருக்க வேண்டும், அவரோடு மூன்று வருஷம் காலம் தள்ளியவன் சொல்கிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் புன்னக்காயல். ஆறு கடலில் சேருகிற இடம். அப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாது. தோணியில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாராம். வீட்டில் இரண்டு வருஷம் முயன்று பார்த்துவிட்டு, இது தேறாது என்று பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்பினார்கள். அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் மட்டும் சிரித்து முடித்த பிறகு, “இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற போக்கு இல்ல அண்ணாச்சி” என்றார். அதை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஊருக்குப் போய் வந்த ஒரு திங்கட்கிழமை, அவர் ஒரு மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். அவிழ்த்தால் மீன்வலை. ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு. அதைச் சுவரில் நாலு மூலைக்கும் ஆணி அடித்து இழுத்துக் கட்டினார். கண்கள் எல்லாம் சதுரம் சதுரமாக விரிந்து நின்றன. குறுக்கே இருபது, நெடுக்கே இருபது.

எங்கள் ஊர் சைவ வேளாளர் ஊர். மீன் என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகச் சொல்கிறவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில் வலை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டேன். கவிச்சி அடிக்கிறது, கழற்றும் என்றேன்.

“இது புது வலை அண்ணாச்சி. இன்னும் தண்ணியே பாக்கல. எங்க அண்ணன் பின்னி முடிச்ச கையோட வாங்கிட்டு வந்துட்டேன்” என்றார்.

எனக்கு அடித்தது கவிச்சிதான். அன்று மட்டுமல்ல, ஒரு மாதம் அடித்தது. மத்தியானம் கொண்டுபோன கட்டுச்சோற்றைப் பள்ளிக்கூடத்தில் பிரிக்க மனம் வராமல் ஆற்றங்கரைக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அந்த வலையை வைத்துக்கொண்டு அவர் செய்தது இதுதான். ஏழெட்டு வேண்டுமென்றால், ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுக் கண் எண்ணி, மிச்சத்தை ஓலைப்பாயால் மறைத்துவிடுவார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எண்ணி அலுத்த பிறகு, அலுக்காமல் எண்ண வழி உண்டா என்று கேட்பார். ஒரு பிள்ளை எழுந்து போய் நடுவில் ஈர்க்குச்சியைச் செருகும். மேலே ஐந்து வரிசை, நாற்பது. கீழே இரண்டு வரிசை, பதினாறு. சேர்த்தால் ஐம்பத்தாறு. இன்னொரு பிள்ளை வேறோர் இடத்தில் குச்சியைச் செருகும். அதிலும் ஐம்பத்தாறுதான் வரும். எங்கே வெட்டினாலும் அதே தொகை வருகிறது என்று பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கணக்கு வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டால் பக்கத்து வகுப்பில் பிரம்போடு நிற்கிறவனுக்கு என்ன மரியாதை?

நான் கடிதம் எழுதினேன். ஒரு முழுத் தாளில், என் குண்டு எழுத்தில். இந்த உபாத்தியாயருக்கு வாய்ப்பாடு தெரியவே தெரியாது, பள்ளிக்கூடச் சுவரில் மீன்வலையைக் கட்டி ஊர் மனத்தைப் புண்படுத்துகிறார், இவரை நீக்கி வேறு ஆள் தர வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதி ஒட்டினேன். ஒட்டி நிமிர்ந்தால் அவர் வாசலில் நிற்கிறார். சனிக்கிழமை, பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“தபாலா? கொடுங்க அண்ணாச்சி, நான் போட்டுருதேன்” என்று கையை நீட்டினார்.

கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். வெயிலில் ஆறு மைல் நடந்து போய், தன் வேலைக்கு உலை வைக்கிற கடிதத்தைத் தானே பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். திரும்பும்போது என் வீட்டுக்கு ஒரு பொட்டலம் அல்வாவும் வாங்கி வந்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எட்டு வயது. அவருடைய பிள்ளை என்று ஆகிவிட்டாள். கடிதம் போன பத்தாம் நாள் சாயங்காலம், வீட்டு முற்றத்தில் அவளை நிறுத்தி ஏழெட்டு கேட்டேன். இடது கண்ணை மூடினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை ஓங்கிவிட்டேன். அதற்குள் ஐம்பத்தாறு என்று சொல்லிவிட்டாள். ஓங்கிய கையை இறக்க ஒரு சாக்கு வேண்டுமே. அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத கணக்கு ஒன்றைக் கேட்டேன். பதினேழு எட்டு.

கேட்டுவிட்டு எனக்கு நானே விடையைச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பாடமுறையில் நடுவிலிருந்து பிடுங்க முடியாது. முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஓர்பதினேழு பதினேழு, ஈர்பதினேழு முப்பத்து நாலு என்று நான் எண்பத்தைந்துக்கு வருவதற்குள் அவள், நூற்று முப்பத்தாறு என்றாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. கண்ண மூடினா வலை தெரியுதுப்பா. பத்து ஒரு பக்கம், ஏழு ஒரு பக்கம். எம்பதும் அம்பத்தாறும்” என்றாள்.

நான் அவள் தலையில் கை வைத்தபடியே நின்றேன். முப்பது வருஷமாக எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடு தெரியும். பதினேழு எட்டு என்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. கடிதத்தைத் திருப்பி வாங்க வழியிருந்தால் அன்றைக்கே ஓடிப்போய் வாங்கியிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அடுத்த வாரம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் அந்த வலையைக் கழற்றினேன். கண்ணில் படாவிட்டால் குற்றச்சாட்டில் பாதி பொய்யாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கழற்றியதும் கையால் இல்லை; பிரம்பு நுனியால் தூக்கிச் சாக்கில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. இன்றைக்கு அதுதானே அவருக்குத் துணை என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. திரும்ப மாட்டலாம் என்று ஓடினால், வாசலில் வில்வண்டிச் சத்தம்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் நீளக் கோட்டுமாக உள்ளே வந்து உட்கார்ந்தார். வடக்கே இருந்து வந்தவர், சிரிக்காத முகம். முதல் கேள்வியே, வலை எங்கே என்பதுதான். வலை இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று எங்கன வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையில் எத்தனை கை மரம் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அடுத்து அவரையே பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். பிள்ளைகள் முன்னால்.

“தெரியாதுங்க ஐயா” என்றார் அவர்.

இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ எழுதினார். எழுதி முடித்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, சரி, உங்களில் யாருக்காவது பதினாறு ஏழு தெரியுமா என்றார். பதினாறு பிள்ளைகள். அத்தனையும் இடது கண்ணை மூடிக்கொண்டு அந்த வெறும் சுவரைப் பார்த்தன. தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குள் ஒரு பையன் நூற்றுப் பன்னிரண்டு என்றான். எப்படி என்று கேட்டதும் எழுந்து போய், ஒன்றுமில்லாத சுவரில் கையால் கோடு இழுத்தான்.

“இங்கன பத்து பத்தா ஏழு வரிசை, எழுவது. இங்கன ஆறு ஆறா ஏழு வரிசை, நாப்பத்திரெண்டு.”

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நாலு ஆணியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

அவர் அதோடு விடவில்லை. மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டார். நூறு அடி நீளம். பத்தடிக்கு ஒரு பனை வைத்தால் எத்தனை பனை வேண்டும்? என் நான்காம் வகுப்புப் பையன்கள் ஒரே குரலில் பத்து என்று கத்தினார்கள். நூறைப் பத்தால் வகுத்தால் பத்து. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து என் மகள் எழுந்தாள். இடது கண் மூடியிருந்தது.

“அந்தப் பனை எங்கன இருக்கு ஐயா? காட்டுங்க” என்றாள்.

இன்ஸ்பெக்டர், எதைக் காட்ட வேண்டும் என்றார். வாய்க்கால் கரையில் நேராக நிற்கிறதா, குளத்தைச் சுற்றி நிற்கிறதா என்று கேட்டாள். எங்கே நின்றால் என்ன என்றார் அவர்.

“வாய்க்கா கரைன்னா பதினொண்ணு. இந்தக் கோடியில ஒண்ணு நிக்கணும்லா. குளத்தச் சுத்தின்னா பத்து போதும்.”

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்தார். அதில் என்ன விடை எழுதியிருந்ததோ, மூடி வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார். கைத்தடியால் மணலில் ஒரு கோடு இழுத்துப் புள்ளி குத்தி எண்ணினார். வட்டம் ஒன்று போட்டு அதிலும் எண்ணினார். திரும்பவும் கோட்டை எண்ணினார். பிறகு அந்தச் சிரிக்காத முகம் சிரித்தது. தன் வீட்டுத் தோட்டத்து வேலிக்கு எப்போதும் ஒரு கல் குறைகிறது, வேலையாள் திருடுகிறான் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

வண்டியில் ஏறுமுன் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எங்கன வாத்தியார் கையில் கொடுத்து, இது உம்மிடம் இருக்கட்டும் என்றார். என்னிடம், அந்த வலையை எடுத்து மாட்டச் சொல்லும் என்றார். தாளை மடிப்புப் பிரித்து எங்கன வாத்தியார் வாசித்ததை நான் பார்த்தேன். வாசித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார்.

அன்று முழுவதும் காத்திருந்தேன். திட்டுவார், அல்லது பேசாமலாவது இருப்பார் என்று. வழக்கம்போல ஆற்றுக்குக் குளிக்கக் கூப்பிட்டார். போகிற வழியெல்லாம் அந்த வேலிக் கல்லை நினைத்து நினைத்துச் சிரித்தார். மறுநாளும் அப்படியே. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலையில் மகள் பள்ளிவிட்டு வந்து, இன்றைக்கு வாத்தியார் பின்னம் நடத்தினார் என்றாள். ஒரு தாளை இரண்டாக மடித்தால் அரை, அதை மடித்தால் கால், அதை மடித்தால் அரைக்கால், அதையும் மடித்தால் வீசம் என்று காட்டி, மடிப்பு மடிப்பாகக் கிழித்துப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தாராம். தன் பங்கை உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள்.

“இது வீசம்ப்பா. ஒங்க எழுத்து மாரியே இருக்கு பாருங்க.”

என் எழுத்துதான். ‘தெரியவே தெரி’ என்று மட்டும் அதில் இருந்தது. மிச்சத் துண்டுகள் எங்கே என்று கேட்டேன். வாய்க்காலில் கப்பல் விட்டோம் என்றாள். அதை அவளிடமிருந்து கெஞ்சி வாங்கிக்கொண்டேன். அதற்கு ஈடாக ஒரு கடலைமிட்டாய் கேட்டாள், அதையும் கொடுத்தேன்.

மறுநாள் மணியடிப்பதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போனேன். அவர் முக்காலியில் ஏறி நின்று, நான் மூன்று நாளாகச் சாக்கிலேயே விட்டுவைத்திருந்த வலையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான் என்று சொன்னேன். மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் திரும்பி இடது கண்ணை மூடிக்கொண்டார்.

“எங்கன இருக்கு, காட்டுங்க அண்ணாச்சி.”

உள்ளங்கையைத் திறந்தேன். முக்காலியில் நின்றபடியே குனிந்து அந்தத் துண்டை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, என் கையிலேயே திரும்ப வைத்தார்.

“இது வீசந்தானே. வீசத்தை வச்சி முழுசு என்னன்னு நான் எப்படிச் சொல்ல? மிச்சம் பதினஞ்சையும் கொண்டாங்க, அப்புறம் பேசுவோம். இப்ப இந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிங்க.”

வலையின் ஒரு மூலையை என்னிடம் நீட்டினார். பிரம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருக்குத் தெரியாமல் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். புது நூல் வாசம்தான் அடித்தது.